வரதன் விட்டுவிட்டு வந்த பத்து மார்க் கேள்வி

நடுத்திட்டுக்குப்பத்தில் ஆளுக்கொரு பகை உண்டு. சிலருக்கு அண்ணன் தம்பி மேல், சிலருக்கு வலையை அறுத்தவன் மேல். ஊர்த் தலைவர் தனசேகருக்கு, தன் செருப்பை மட்டும் தேடிப் பிடித்துக் கடிக்கும் ஒரு செவலை நாயின் மேல். வரதனின் பகை இவற்றில் எதிலும் சேராது. அவன் பகைத்துக்கொண்டது ஒரு கேள்வியை. ‘கோஃபர் என்றால் என்ன? விளக்குக. பத்து மதிப்பெண்’ என்று வினாத்தாளின் இரண்டாம் பக்கத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்த கேள்வி அது.

அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பழவேற்காடு வரை படகு, அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ் என்று தினமும் போய், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு வருட டிப்ளமோ படித்தான். பாடம் எடுத்த ஆபிரகாம் சார் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கோஃபர் பாடம் வந்ததும் புத்தகத்தை விரலால் தட்டினார். “இது செத்துப்போன சமாச்சாரம். இன்டர்நெட்ல படமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இருந்த ஏற்பாடு. இப்ப உலகத்துல ஒருத்தனும் இத வெச்சிக்கினு இல்ல. கேள்வி வராது, தள்ளிட்டுப் போங்க” என்றார். வாத்தியார் சொன்னால் வரதனுக்கு வேதம். அந்த இரண்டு தாளையும் கிழித்து, பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேர்க்கடலையை அதில் மடித்துக்கொண்டு ஊருக்கு வந்தான்.

கேள்வி வந்தது. வரதன் அதைப் பார்த்தான், அது அவனைப் பார்த்தது. கடலையின் ருசி ஞாபகம் வந்ததே தவிர, தாளில் இருந்த ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தான். முப்பத்துநாலு மார்க். நாற்பது எடுத்தால் பாஸ். பத்தில் ஆறு கிடைத்திருந்தால் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மறுபடி எழுதலாம் என்று போனபோது சென்டர் இருந்த இடத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. வெறுங்கையோடு வர மனமில்லாமல் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு திரும்பினான்.

ஏரி யாரிடமும் சர்டிபிகேட் கேட்பதில்லை. வரதன் படகில் ஏறினான், இறால் பிடித்தான், நன்றாகவே பிடித்தான். அதில் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் அந்தக் கேள்வியிடம்தான். கல்யாணமான மூன்றாம் நாள், மற்ற மாப்பிள்ளைகள் என்னென்னவோ பேசியிருப்பார்கள், இவன் தன் மனைவி கீதாவிடம் கோஃபரைப் பற்றிப் பேசினான். அவளும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அதையே மாதத்துக்கு ஒருமுறை கேட்டாள். பதினெட்டு வருடங்களில் அது அந்த வீட்டுப் பேச்சிலேயே ஊறிவிட்டது. குழம்பில் உப்பு போதாவிட்டால் “ஆறு மார்க்கு கம்மி” என்பாள். பஸ்ஸைத் தவறவிட்டால், “ஆறு மார்க்குல போச்சு” என்பாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் காரணம் தெரியாமலே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

டிப்ளமோ இல்லாவிட்டாலும் குப்பத்துக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வரதன்தான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, தடைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பம் போடுவது எல்லாம் அவன் வீட்டில்தான் நடக்கும். அதற்காகவே ஒரு புது டெஸ்க்டாப் வாங்கினான். வைஃபை பெட்டியைச் சவுக்குக் கம்பில் கட்டிக் கூரைக்கு மேலே தூக்கிவிட்டதால், அம்மன் கோயில் தாண்டியும் அதன் வீச்சு இருந்தது. ஊரில் டவர் வரும், போகும். வரதனின் கம்பு எங்கேயும் போகாது.

ஒரு நாள் மத்தியானம், யாருக்கோ சாதிச் சான்றிதழ் தேடிக்கொண்டிருந்தவன், வழிதவறி ஒரு பக்கத்தில் போய் விழுந்தான். உலகத்தில் இன்னும் சில பேர் சொந்த ஆசைக்காகத் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கோஃபர் சர்வர் வைத்து நடத்துகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. வரதன் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தான்.

“கீதா, அது சாவல” என்றான்.

“எது?”

“கோஃபர்.”

கீதா கெளுத்தி மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அப்ப கைய கழுவிக்கினு சாப்ட வா” என்றாள்.

அன்றே முடிவு செய்தான். தன் வீட்டில் ஒரு கோஃபர் சர்வர் ஓட வேண்டும். ஓடினால் மட்டும் போதாது, தன்னைத் தவிர இன்னொரு ஜீவன் அதைப் பயன்படுத்த வேண்டும். ஒருத்தர் போதும். ‘ஒருத்தனும் வெச்சிக்கினு இல்ல’ என்று ஆபிரகாம் சார் சொன்னது அப்போது பொய்யாகிவிடும். வேறு எதற்காகவும் அவன் இவ்வளவு ஆசைப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

சர்வர் நிரல் சின்னது, இறக்கியதும் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் புது டெஸ்க்டாப்புக்குப் பழைய ஆட்களைப் பிடிக்கவில்லை. வைரஸைத் தடுக்கும் மென்பொருள் அதைப் பார்த்த மாத்திரத்தில் திருடன் என்று முடிவுகட்டிச் சிறையில் போட்டது. வரதன் ஜாமீனில் எடுத்தான். மறுபடி போட்டது. மூன்றாவது முறை வெளியே எடுத்து, ‘இவர் நமக்கு வேண்டியவர்’ என்று எழுதிக்கொடுத்த பிறகு விட்டது. அடுத்து ஃபயர்வால் வந்து, எழுபதாம் எண் வாசலை யாரோ திறக்கச் சொல்கிறார்கள், திறக்கலாமா என்று கேட்டது. கோஃபருக்கு அந்தக் காலத்திலிருந்தே எழுபதாம் எண் வாசல்தான். பயத்தில் வரதன் வேண்டாம் என்று அழுத்திவிட்டு, பிறகு அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற நாலு நாள் அலைந்தான்.

வாசல் திறந்தது, ஆனால் பட்டியல் வரவில்லை. வரிக்கு நடுவில் டேப் பட்டனை அழுத்த வேண்டிய இடத்தில் இவன் ஸ்பேஸ் பட்டனை அழுத்தியிருந்தான். பார்வைக்கு இரண்டும் ஒரே வெற்றிடம்தான், கோஃபருக்கு அப்படி இல்லை. அதைக் கண்டுபிடிக்கப் பதினைந்து நாள். பிறகு தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. அதைச் சரிசெய்தால், கால் மணி நேரம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தூங்கிப்போனது. தூங்காதே என்று கட்டளை போட்டால், அப்டேட் என்று சொல்லிக்கொண்டு தானே அணைந்து தானே எழுந்து, சர்வர் என்று ஒன்று இருந்ததையே மறந்துபோனது.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாம் ஒத்துவந்தது. கறுப்புத் திரையில் வரதன் ஒன்றும் எழுதாமல் என்டரை மட்டும் தட்டினான். பட்டியல் கடகடவென்று வந்து விழுந்தது. கடைசி வரியில் ஒரே ஒரு புள்ளி. பேச்சு முடிந்தது, கதவும் சாத்திக்கொண்டது. வரதன் இன்னொரு தரம் தட்டிப் பார்த்தான்.

பட்டியலில் என்ன இருந்தது என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. பொன்னேரி பஸ் நேரம், அமாவாசை பௌர்ணமி தேதிகள், ரேஷன் கடை திறக்கும் நாட்கள். நாலாவதாக ஏதாவது வேண்டுமே என்று, கீதா வைக்கும் நண்டுக் குழம்பின் செய்முறையை அவளிடம் கேட்காமலே எழுதிப் போட்டான். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

தைரியம் வீண்போகவில்லை. யாரும் வரவில்லை. சாதாரணமாக எல்லோரும் இன்டர்நெட் பார்க்கும் செயலியில் கோஃபர் திறக்காது, அதற்கென்று தனியாக ஒரு செயலியை ஃபோனில் இறக்க வேண்டும். பஸ் நேரம் பார்க்க அதை யார் இறக்குவார்கள்? ஆனாலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று தினமும் சாயந்திரம் கணக்குப் பார்ப்பான்.

“இன்னிக்கிப் பதினோரு தபா தொறந்துகீது” என்றான் ஒரு நாள்.

“யாரு தொறந்தாங்க?”

“பதினோரு தபாவும் நான்தான்.”

கீதா அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “நாளைக்குப் பன்னெண்டாக்கு” என்றாள்.

இப்படி நாற்பத்தோரு நாள் போன பிறகுதான் அவனுக்குப் பாடு ஞாபகம் வந்தது. பாடு என்பது இங்கே ஏரியில் முறைவைத்து மீன் பிடிக்கும் ஏற்பாடு. இறால் நன்றாக விழும் இடங்கள் ஏரியில் சிலதான். அங்கே கழி நட்டு வலை கட்ட எல்லோருக்கும் ஆசை. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று தலைவரின் நோட்டில் எழுதிவிடுவார்கள். எழுதினால் எழுதியதுதான். அடுத்தவன் முறையில் வலை கட்டுவதும் அடுத்தவன் வலையைப் பிடுங்குவதும் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம்.

அந்த நோட்டை இப்போதெல்லாம் ஃபோட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். போட்ட ஐந்தாவது நிமிடத்தில் அதன் மேல் ரோஜாப்பூ விழும். காலை வணக்கம், இனிய வெள்ளி, ஒரு குழந்தையின் பிறந்தநாள், இரண்டு காதுகுத்து, மறுபடி ரோஜாப்பூ. பட்டியலைத் தேடி எடுப்பதற்குள் இறாலே வயதாகிச் செத்துவிடும்.

இதில் அதிகம் அவதிப்பட்டவர் கஸ்தூரியம்மாள். இறால் எடுத்து விற்கும் வியாபாரி. கணவர் போன பிறகு அவர் பெயரில் இருந்த பாடு உரிமையைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் ஆண்களோடு சமமாக உட்காருபவர். எந்த நாளில் யார் இறால் எடுப்பார்கள் என்று தெரிந்தால்தான் அவர் ஐஸ் பெட்டியோடு போய் நிற்க முடியும். ஒரு நாள் வரதன் வீட்டு வாசலில் வந்து நின்று, “வரதா, இந்த ரோஜாப்பூவ நிறுத்தறதுக்கு எதுனா வழி உண்டா?” என்று கேட்டார்.

வரதன் கதவை அகலத் திறந்தான். பிறகு, “உள்ள வாக்கா, ஃபோன குடு” என்றான்.

மூன்று நாள் உட்கார்ந்து நோட்டில் இருந்த முழு வருடத்து முறையையும் தட்டினான். கம்ப்யூட்டரின் தேதியைப் பார்த்து, அன்றைய முறை யாருடையதோ அந்தப் பெயரைத் தானாகவே முதல் வரியில் காட்டும்படி செய்தான். கஸ்தூரியம்மாளின் ஃபோனில் கோஃபர் செயலியை ஏற்றிக் கொடுத்தான். அவர் திறந்தார். ‘இன்றைய பாடு, முகத்துவாரத்துக் கழி: தனசேகர்’ என்று வந்தது. படம் இல்லை, பாட்டு இல்லை, பூ இல்லை.

“அவ்ளோதானா?” என்றார்.

“அவ்ளோதான்க்கா.”

“நல்லாக்கீதே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயந்திரம் சர்வரின் கணக்கில் முதன்முதலாக வேறு ஓர் ஆளின் தடம் இருந்தது. வரதன் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

கஸ்தூரியம்மாள் ஒரு விஷயத்தை நல்லது என்று சொன்னால் அதற்கு வேறு விளம்பரம் வேண்டாம். ஒரே மாதத்தில் இருபத்துமூன்று வீட்டு ஃபோன்களில் கோஃபர் ஏறியது. வரதன் நடையே மாறியது. சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு நடந்தான்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. நடுத்திட்டுக்குப்பத்தில் மட்டுமே தப்பாகக்கூடிய ஒரு தப்பை வரதன் செய்திருந்தான், அது வெளியே தெரிய கீதாவின் தம்பி சம்பந்தம் தேவைப்பட்டான்.

ஏரியில் நாள் என்பது சாயந்திரம் பிறக்கும். அம்மன் கோயிலில் விளக்கேற்றியதும் அன்றைய ஆளின் முறை தொடங்கும். அவர் இருட்டும் முன் போய்க் கழி நட்டு வலை கட்டிவிட்டு வருவார். விடிந்ததும் இறாலை அள்ளுவார். மறுநாள் விளக்கேற்றும் வரை அந்த இடம் அவருடையது. பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் தெரியும் என்பதால் இதை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. வரதனுக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்கு நாள் நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாறிவிடும். சாயந்திரம் திறந்து பார்த்தவனுக்குச் சரியான பெயர் வந்தது. விடியற்காலையில் பார்த்தால் அடுத்தவன் பெயர் வரும். விடியற்காலையில் முறை பார்க்கிற சோம்பேறி யார் இருக்கிறான்?

சம்பந்தம் இருந்தான். மாமியார் வீட்டு விசேஷம் என்று ஆரம்பாக்கத்துக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தவனுக்கு நாட்கணக்கு குழம்பிப்போயிருந்தது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஃபோனைப் பார்த்தான். ‘இன்றைய பாடு, முகத்துவாரத்துக் கழி: சம்பந்தம்’ என்று இருந்தது. நேற்று சாயந்திரமே வலை கட்டியிருக்க வேண்டிய முறையைக் கோட்டைவிட்டோமே என்று பதறி, ஆட்களை எழுப்பிப் படகைத் தள்ளினான். போய்ப் பார்த்தால் அவனுடைய இடத்தில் முந்தின நாள் முறைக்காரன் சரவணனின் வலை. சம்பந்தத்துக்கு யோசிக்கும் வழக்கம் கிடையாது. நாலு கழிகளைப் பிடுங்கிவிட்டான். உள்ளே இருந்த இறாலெல்லாம் சந்தோஷமாக ஏரிக்குத் திரும்பின.

சரவணன் இறால் அள்ள வந்தபோது சம்பந்தம் ஐந்தாவது கழியில் கைவைத்திருந்தான். இருவரும் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்கள். பெரிய அடிதடி ஆகியிருக்க வேண்டியது. ஆனால் இருவருமே தங்கள் நியாயத்தை ஃபோனில் வைத்திருந்தார்கள், அது நனையக் கூடாது. ஒரு கையால் ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டும் சண்டை போட்டார்கள். அதனால் யாருக்கும் பெரிதாக அடிபடவில்லை. வலைதான் கிழிந்தது.

அன்று சாயந்திரம் விளக்கேற்றியதும் கோயில் கொட்டகையில் சபை கூடியது. தலைவர் தனசேகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு ஃபோன்களையும் வாங்கினார். சரவணன் முந்தின நாள் சாயந்திரம் ஏழு மணிக்குத் திரையைப் பிடித்து வைத்த படத்தில் சரவணன் பெயர் இருந்தது. சம்பந்தம் நாலரை மணிக்குப் பிடித்த படத்தில் சம்பந்தம் பெயர்.

“நான் இஷ்டத்துக்குப் போவல தலைவரே, மாமா மிஷின் சொல்லிச்சு, போனேன்” என்றான் சம்பந்தம்.

“எனக்கும் அதே மிஷின்தான் சொல்லிச்சு” என்றான் சரவணன். “வரதண்ணன் மச்சானுக்கு ஒண்ணு சொல்லுது, ஊருக்கு ஒண்ணு சொல்லுது.”

கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து, “அத மொதல்ல ஆஃப் பண்ணுங்கபா” என்று ஒரு குரல் வந்தது. இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள். இன்று அணைத்தால் அணைத்ததுதான். சபை வேண்டாம் என்ற பொருளை யாரும் திரும்பத் தொட மாட்டார்கள்.

தலைவர் கையை உயர்த்தினார். “முறைன்னு ஒண்ணு கீது” என்றார். எல்லோருக்கும் அது தெரியும். பாடு விஷயத்தில் யாராவது புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால், கொண்டுவந்தவரே சபையில் எழுந்து நின்று அது என்னவென்று விளக்க வேண்டும். நைலான் வலை வந்தபோதும் இன்ஜின் வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. சபைக்குப் புரிந்தால் இருக்கலாம், புரியாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

“வரதா, எழுந்திரு. அந்த கோஃபர்னா இன்னா? வெளக்கமா சொல்லு.”

வரதன் எழுந்தான். அதே கேள்வி. ஒரு சொல் மாறவில்லை. இருபத்தொரு வருடம் தேடிவந்து, அம்மன் கோயில் கொட்டகையில், ஊரே பார்க்க, அவன் முன்னால் நின்றது. பெண்கள் பக்கம் நின்றிருந்த கீதாவும் அதைக் கேட்டாள். இடுப்பில் வைத்திருந்த கையைக் கீழே இறக்கினாள்.

பதில் அவனுக்கு மனப்பாடம். எத்தனையோ நாள் படகில் உட்கார்ந்து ஏரிக்குச் சொல்லியிருக்கிறான். கைகளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான். “கோஃபர் ஈஸ் எ மெனு டிரிவன் டாக்குமெண்ட் ரிட்ரீவல் சிஸ்டம்...”

முன்வரிசையிலிருந்து கஸ்தூரியம்மாள் குறுக்கிட்டார். “யாருக்குபா சொல்ற? பொன்னேரிக்கா? இங்க கீறவங்களுக்குச் சொல்லு.”

சிரிப்பு எழுந்தது. வரதனின் மனப்பாடம் அந்த இடத்திலேயே அறுந்தது. வெறுமையாக விட்டுவிட்டு வந்த அந்தத் தாள்தான் கண்முன்னால் தெரிந்தது. இந்த முறையும் விட்டால் செத்தாலும் ஆறாது என்று தோன்றியது. கட்டிய கைகளை அவிழ்த்தான்.

“அது ஒரு பட்டியல்பா” என்றான். “வேற ஒண்ணும் இல்ல. ஊட்டுக்குள்ள எழுதி வெச்ச பட்டியல். நீ வந்து கதவத் தட்டுனா, இன்னா இன்னா கீதுன்னு நம்பர் போட்டு நீட்டும். நீ ஒரு நம்பர சொன்னா, அதுல கீறத எடுத்துக் குடுக்கும். குடுத்துட்டுக் கதவ சாத்திக்கும். நீ யாரு, எதுக்கு வந்தன்னு கேக்காது. உன் பின்னாடியே வராது. கேக்காத எதையும் உன் கையில திணிக்காது. அதுக்குப் பூ போடத் தெரியாது. கேட்டா சொல்லும், கேக்காட்டி சும்மா கெடக்கும். அவ்ளோதான் கோஃபர்.”

தலைவர் தலையை ஆட்டினார். “இது புரியுது. அப்ப ரெண்டு பேருக்கு ரெண்டு பேரு ஏன் சொல்லிச்சு?”

“அது சொல்லல தலைவரே. நான் சொன்னேன்” என்றான் வரதன். “மிஷினுக்கு நாளு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாறும். நமக்கு வெளக்கேத்தினா மாறும். எனக்குத் தெரியாதா? என் நைனா காலத்துலேர்ந்து தெரியும். ஆனா எழுதறப்ப, மிஷினுக்குத் தெரிஞ்ச நாளையே எழுதிட்டேன். இந்த ஊர்லயே பொறந்துட்டு, வெளியூர்க்காரனாட்டம் எழுதிட்டேன். சம்பந்தம் மேலயும் தப்பில்ல, சரவணன் மேலயும் தப்பில்ல. தப்பு என்னுது.”

அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் நெஞ்சில் இருபத்தொரு வருடமாக இருந்த கல் ஒன்று நகர்ந்த மாதிரியும் இருந்தது.

“நிறுத்தச் சொல்றாங்களே, நீங்க இன்னாம்மா சொல்றீங்க?” என்று தலைவர் கஸ்தூரியம்மாளைக் கேட்டார்.

“எதுக்கு நிறுத்தணும்? ஊர்ல ரோஜாப்பூ இல்லாத எடம் அது ஒண்ணுதான். நாள மட்டும் சரியா மாத்தச் சொல்லுங்க” என்றவர், திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். “கீதா, உன் நண்டுக் கொழம்பு நேத்து செஞ்சேன்மா. சோம்ப வறுத்துப் போடறதுதான் ரகசியமா? இத்தினி வருஷமா கேட்டும் சொல்லலியே நீ.”

கீதா மெதுவாகத் திரும்பி வரதனைப் பார்த்தாள். வரதன் கூரையைப் பார்த்தான்.

தீர்ப்பு இப்படி வந்தது. சர்வர் இருக்கலாம். ஆனால் அதில் நாள் தானாக மாறக் கூடாது. விளக்கேற்றி மணி அடித்த பிறகு வரதனே தன் கையால் மாற்ற வேண்டும். பூசாரி ஒரு நாள் ஆறு மணிக்கு ஏற்றுவார், ஒரு நாள் ஆறரைக்கு ஏற்றுவார், அது அவர் இஷ்டம், மிஷின் காத்துக்கொண்டிருக்க வேண்டும். வரதன் தன்னுடைய அடுத்த முறையைச் சரவணனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கிழிந்த வலையைச் சம்பந்தம் உட்கார்ந்து பின்னிக்கொடுக்க வேண்டும், யோசிக்காமல் கழி பிடுங்கியதற்காக. வரதனும் சம்பந்தமும் சரி என்றார்கள். சபை கலைந்தது.

வரதனும் கீதாவும் மணலில் வீட்டுக்கு நடந்தார்கள். ஏரியில் அவன் முறை ஒன்று போய்விட்டது, நண்டுக் குழம்பு ஊருக்கே தெரிந்துவிட்டது, இவளோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். எந்த நேரமும் இடி விழும் என்று வரதன் ஓரடி தள்ளியே நடந்தான்.

படகுகள் ஏற்றி வைத்திருக்கும் இடம் வந்ததும் கீதா நின்றாள்.

“அந்த வாத்தியாரு இன்னிக்கி இருந்திருந்தா பத்துக்கு எவ்ளோ போட்டிருப்பாரு?” என்று கேட்டாள்.

“தெரியலியே.”

“நான் ஆறு போடுவேன்யா.”

வரதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேட்டி முனையால் துடைத்தான். பாஸ். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு பாஸ். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஆனாலும் அவன் வரதன்தானே. பத்தடி நடந்ததும் மனசு கேட்கவில்லை.

“மீதி நாலு ஏன் கட் பண்ண?” என்றான்.

“ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாள மாத்தினதுக்கு ரெண்டு” என்றாள் கீதா. “நண்டுக் கொழம்புக்கு ரெண்டு.”